சலாமி கொடுத்த குடித்தனம்

(கொல்கத்தாவில் தமிழன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த ஊரில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இங்கே பாதிப் பேருக்கு மேல் இருப்பீர்கள். உங்களுக்குச் ‘சலாமி’ என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அண்மையில் மாற்றலாகி வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராஷ்பிஹாரி அவென்யூவில் ஒரு பழைய கடையைப் பிடிக்க வேண்டுமானால், உள்ளே நுழைவதற்கு முன் கட்டடக்காரர் கையில் ஒரு பெருந்தொகையைக் கொடுக்க வேண்டும். அதுதான் சலாமி. கொடுத்துவிட்டால் அப்புறம் மாத வாடகை பெயருக்குத்தான். கொடுத்தவர் சொந்தக்காரர் போலவே இருப்பார். அலமாரி அடிப்பார், விளக்குப் போடுவார், பெயர்ப்பலகை மாட்டுவார். ஆனால் பத்திரம் அவர் பெயரில் இராது. கடையை வேறொருவருக்குக் கைமாற்ற நினைத்தால் கட்டடக்காரரின் சம்மதம் வேண்டும், அவருக்கு ஒரு பங்கும் கொடுக்க வேண்டும்.

என் பெரியப்பா லேக் மார்க்கெட் பக்கம் அப்படித்தான் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். காப்பிப்பொடி, அப்பளம், வாழையிலை, வெள்ளிக்கிழமைகளில் மல்லிகைப்பூ. “கடை நம்மதுடா, கதவு மட்டும் அவரது” என்பார். அவர் அதைச் சொன்ன நாளில் எனக்கு அர்த்தம் புரியவில்லை. இப்போது என் கைப்பேசியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். நம் கையிலிருக்கும் கைப்பேசி, வீட்டுத் தொலைக்காட்சி, பிள்ளைகள் ஆடும் விளையாட்டு என்று எல்லாவற்றையும் முழு விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் சலாமிதான் கொடுத்திருக்கிறோம். பத்திரம் நம் பெயரில் இல்லை. இதில் இன்னொரு வேதனையும் உண்டு. கடைக்குச் சலாமி கொடுத்த என் பெரியப்பாவுக்குச் சட்டத்தின் காவல் இருந்தது. 1956-இல் வந்த மேற்கு வங்க வாடகைச் சட்டமும், அதற்குப் பதிலாகப் பின்னர் வந்த 1997-ஆம் ஆண்டுச் சட்டமும், நினைத்த நேரத்தில் குடித்தனக்காரரைத் தெருவில் நிறுத்த முடியாதபடி வீட்டுக்காரரின் கையைக் கட்டின. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நெருக்கவும் விடவில்லை. கைப்பேசிக்குள் குடியிருக்கும் நமக்கு அந்த அளவு பாதுகாப்புகூட இல்லை.

போன மழைக்காலத்தில் என் கைப்பேசி திடீரென்று அணைந்துபோனது. சார்ஜ் ஏறவில்லை, திரை எழும்பவில்லை. அதில் என் அம்மாவின் குரல் இருந்தது. அவர் கடைசி ஒன்றரை ஆண்டு படுக்கையில் இருந்தபோது, ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்புவதற்காகச் சின்னச் சின்னதாகப் பேசிப் பதிந்தவை. வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். கைப்பேசியை வாங்கிப் பார்த்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். போர்டையே மாற்ற வேண்டும் என்றார்; சொன்ன தொகை புதுக் கைப்பேசியின் விலையில் பாதியைத் தாண்டியது. உள்ளே இருப்பவை போய்விடும் என்றார். பழைய போர்டை என்னிடமே கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். கம்பெனி விதிப்படி கொடுக்க முடியாது என்றார். நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு துண்டு, அதுவும் என் அம்மாவின் குரல் இருக்கும் துண்டு, என்னிடம் திரும்பி வராது என்பதுதான் விதி. கைப்பேசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் சாந்தினிக்குப் போனேன்.

சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் கணேஷ் சந்திர அவென்யூ. பக்கத்தில் மதன் தெரு. மின்தடையம், மின்தேக்கி, ஒயர், பழைய மானிட்டர், ரிமோட், திறந்து வைத்த ஆம்ப்ளிஃபயர் என்று நடைபாதை வரை பரப்பியிருப்பார்கள். மாடிப்படியின் அடியில், ஒரு ஆள் உட்காரும் அகலத்தில், கைப்பேசி மிஸ்திரிகளின் மேசைகள். நான் போன மேசையில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ரேடியோவில் தொழில் கற்று, டிவிக்கு மாறி, அங்கிருந்து கைப்பேசிக்கு வந்தவர். போர்டை வெளியே எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மீட்டர் முனையால் இரண்டு மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தார். “போர்டு சாகலை தாதா. சார்ஜிங் ஐசி ஒண்ணு ஷார்ட் ஆகியிருக்கு. அது பக்கத்து லைனையும் இழுத்துக்கிட்டுப் போகுது. ரெண்டு நாள் குடுங்க” என்று வங்காள மொழியில் சொன்னார். செத்துப்போன வேறொரு கைப்பேசியின் போர்டிலிருந்து அதே ஐசியை ஹாட் ஏர் கொண்டு எடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, என் போர்டில் உட்கார வைத்தார். 1,200 ரூபாய் வாங்கினார். கைப்பேசி எழுந்தது. கடை வாசலில் நின்றபடியே அம்மாவின் குரலைக் கேட்டேன்.

இதைச் சொல்வது சாந்தினியின் பெருமையைப் பாட மட்டும் அல்ல. திறந்து பார்ப்பது இந்த ஊரின் பழக்கம். பராநகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறதே, அங்கே 1953-இல் சமரேந்திர குமார் மித்ரா பத்து மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் மின்னணு அனலாக் கணினியை உருவாக்கினார். இங்கிலாந்திலிருந்து ஹெச்இசி-2எம் என்ற கணினி அங்கேதான் வந்து இறங்கியது. நம் நாட்டுக்கு வந்த முதல் டிஜிட்டல் கணினி அது. பின்னர் அதே நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1966-இல் ஐஎஸ்ஐஜேயூ-1 என்ற கணினியைச் சொந்தமாகக் கட்டி முடித்தன. மூடியைத் திறந்து உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்தவர்கள் வாழ்ந்த ஊர் இது. மாடிப்படியின் அடியில் இருக்கும் என் மிஸ்திரிக்கும் பராநகரத்து அறிஞர்களுக்கும் படிப்பில் எவ்வளவோ தூரம் இருக்கலாம். திருகைக் கழற்றலாம் என்ற துணிச்சல் இருவருக்கும் ஒன்றுதான்.

அந்தத் துணிச்சலைத்தான் இப்போது பூட்டுப் போட்டுத் தடுக்கிறார்கள். முன்பெல்லாம் திரை உடைந்தால் வேறொரு திரையை மாட்டினால் முடிந்தது. 2019-இல் வந்த ஐஃபோன் 11-இல் தொடங்கி, வெளியாள் ஒருவர் திரையை மாற்றினால், இது அசல் திரைதானா என்று சரிபார்க்க இயலவில்லை என்று கைப்பேசியே எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. முக்கிய உதிரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண் போர்டுடன் பிணைக்கப்பட்டிருக்கும். பிணைப்பை மாற்றும் மென்பொருள் நிறுவனத்திடம் மட்டும் இருந்தது. அதே நிறுவனத்தின் அசல் உதிரியை, இன்னொரு கைப்பேசியிலிருந்து கழற்றி மாட்டினாலும் பிணைப்பு பொருந்தவில்லை. மிஸ்திரியின் கையில் திறமை இருந்தது, உதிரி இருந்தது, அனுமதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இந்தப் பிணைப்புத் தந்திரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கைப்பேசியில் அல்ல, காரில். உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் விற்காமல், பழுதுபார்க்கும் குறிப்புகளையும் கொடுக்காமல், தங்கள் டீலர்களிடமே வண்டிக்காரர்களை வரவழைத்தார்கள் என்பதற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன, அது வேறு கதை. ஆனால் வண்டியை விற்ற பிறகும் அதன் உயிரைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது தவறு என்று இந்த நாட்டின் அமைப்பு ஒன்று எழுத்தில் சொல்லிவிட்டது. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டுப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்ற யோசனையும் அரசின் மேசைக்கு வந்திருக்கிறது. நல்லது. ஆனால் தளமும் மதிப்பெண்ணும் போதாது என்பது என் கருத்து. உதிரியும் குறிப்பேடும் மென்பொருளும் சாந்தினி மிஸ்திரிக்கு நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும். அவர் செய்வது திருட்டு வேலை அல்ல. அவரைத் திருடரைப் போல ஒளிந்து உதிரி வாங்க வைப்பதுதான் தவறு.

இனி பிள்ளைகளின் பக்கம் வருகிறேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் மாமா ஒருவர் கிதிர்ப்பூர் ஃபேன்ஸி மார்க்கெட்டிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். டிவியில் இணைப்பது, மஞ்சள் நிறக் காட்ரிட்ஜ் செருகுவது. ஓடவில்லையென்றால் காட்ரிட்ஜை எடுத்து வாயால் ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். மேல்மாடி வங்காளிப் பையனிடம் ஒரு டாங்கி விளையாட்டு. என்னிடம் ஒரு பந்தய விளையாட்டு. சனிக்கிழமை மாற்றிக்கொள்வோம், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவோம். அலுத்துப்போனால் விற்றுவிட்டு வேறு வாங்குவோம். கடன் கொடுப்பது, மாற்றுவது, விற்பது, தம்பிக்குக் கொடுப்பது, பத்து ஆண்டு கழித்துப் பரணிலிருந்து எடுத்து மறுபடி ஆடுவது என்று ஒரு பொருள் நம்முடையது என்பதற்கு என்னென்ன அடையாளம் உண்டோ அத்தனையும் அந்த மஞ்சள் காட்ரிட்ஜுக்கு இருந்தன.

இன்று அப்படியா? ‘தி க்ரூ’ என்று ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. ஆட எப்போதும் இணையத் தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அந்த நிறுவனம் தன் சர்வர்களை நிறுத்தியது. அன்றோடு உலகம் முழுவதும் அதைக் காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேரிடமிருந்தும் விளையாட்டு போய்விட்டது. வட்டாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அந்த வட்டு வெறும் தட்டாகிவிட்டது. இதைப் பார்த்து வெகுண்ட ராஸ் ஸ்காட் என்பவர், விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் கையெழுத்திட்டுச் சட்டம் கேட்கும் ஒரு முறை உண்டு. 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கேட்பது ஒன்றும் பெரிதல்ல. சர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்லவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களே ஓட்டிக்கொள்ளும் நிலையில் விளையாட்டை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டும் விற்கும்போது ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதி ஏமாற்றக் கூடாது, இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. சலாமியைச் சலாமி என்று சொல்லி வாங்கு என்கிறது அந்தச் சட்டம். நம் ஊர்க் கட்டடக்காரர்கள் அந்த நேர்மையை என்றைக்கோ காட்டிவிட்டார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது 2020 செப்டம்பர் 2 அன்று நேர்ந்தது. அன்று ஒன்றிய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அவற்றில் ஒன்று பப்ஜி மொபைல். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு என்று காரணம் சொன்னது. அக்டோபர் 30-உடன் சர்வரும் இந்தியாவுக்கு நின்றுபோனது. 2021 ஜூலையில் அதே விளையாட்டு பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் கொரிய நிறுவனமான கிராஃப்டன் வழியாக வந்தது. 2022 ஜூலை 28 அன்று அதுவும் செயலிக் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. நாள் முழுவதும் கைப்பேசியைக் குடைந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துத் தவித்த பெற்றோர் அந்தத் தடையை வரவேற்றார்கள். அவர்கள் தவிப்பை நான் அறிவேன்; அந்நிய நிறுவனத்தின் கையில் நம் பிள்ளைகளின் தகவல் போகிறது என்ற கவலையும் பொய்யல்ல. நான் கேட்பது வேறு. பூஜைக்குத் தாத்தா பாட்டி கொடுத்த காசைச் சேர்த்து அந்த விளையாட்டுக்குள் சட்டையும் துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’ என்னும் அலங்கார உறையும் வாங்கிய பதினாலு வயதுப் பிள்ளைக்கு, வாங்கியது என்ன ஆகும் என்று சொல்ல அன்று ஓர் ஆள் இல்லை. தடையாணையின் முழு வாசகத்தைப் படிக்கவும் வழியில்லை. ஏனென்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 2009-இல் வகுத்த விதிகளில் 16-ஆவது விதி, இந்த நடவடிக்கைகள் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. கதவைப் பூட்டும் அதிகாரம் அரசுக்கு இருக்கட்டும். எதற்காகப் பூட்டினார்கள் என்ற தாளைக் கதவில் ஒட்டக்கூடாதா?

பணம் வைத்து ஆடும் ரம்மியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் அதனால் அழிந்த குடும்பங்களை நாம் செய்தித்தாளில் படித்துக் கலங்கியிருக்கிறோம். 2022-இல் தமிழ்நாடும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் அதன்மேல் சட்டம் கொண்டுவந்ததை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சூது வேறு, விளையாட்டு வேறு.

கருவியும் விளையாட்டும் இப்படி என்றால், இவற்றுக்கு உயிர் கொடுக்கும் இணைப்பு? அதன் கதையும் இந்த ஊரில்தான் தொடங்குகிறது. 1995 ஜூலை 31. ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு. அன்று உச்ச நேரத்தில் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல். பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. அந்த ஆடம்பரப் பொருள் முப்பது ஆண்டுகளில் ரேஷன் அட்டை போலவும் பணப்பை போலவும் ஆகிவிட்டது. மீன்காரம்மா கியூஆர் அட்டையைத் தராசில் ஒட்டியிருக்கிறார்.

ஆனால் அந்த இணைப்புக்கும் பத்திரம் நம் பெயரில் இல்லை. இதே மாநிலத்தில் 2017 ஜூன் 18 அன்று டார்ஜிலிங் மலையில் இணையத்தை நிறுத்தினார்கள். தனி மாநிலப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். திரும்ப வந்தது செப்டம்பர் 25 அன்று. எண்ணிப் பாருங்கள், நூறு நாள். கல்லூரி சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் பருவம் அது. மலையிலிருந்து சிலிகுரிக்கு இறங்கி வந்து விண்ணப்பம் போட்ட பிள்ளைகள் உண்டு. வன்முறையை அடக்கும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வதந்தி பரப்பிய சிலருக்காக, தேயிலைத் தோட்டத்தில் பேத்தியின் படிப்புக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கும் பாட்டியின் கைப்பேசியையும் ஊமையாக்க வேண்டுமா? அந்தக் கைப்பேசிக்கும் அந்த மாத ரீசார்ஜுக்கும் அவர் காசு கொடுத்திருக்கிறார். நூறு நாளுக்கான காசை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

பழக்கமாகிவிட்டால் எதற்கும் கை அந்த விசைக்கே போகும். 2022 மார்ச்சில் பத்தாம் வகுப்பு மாத்யமிக் தேர்வு நடந்த நாட்களில், மால்டா, முர்ஷிதாபாத், கூச்பிகார், டார்ஜிலிங் உள்ளிட்ட மாவட்டங்களின் சில பகுதிகளில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3:15 வரை இணையத்தை நிறுத்த அரசு ஆணையிட்டது. கேள்வித்தாள் கசிவதைத் தடுக்க லட்சக்கணக்கானோரின் இணைப்பை அறுப்பது. மார்ச் 10 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. தேர்வு தொடர்ந்து நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. அந்த நீதிமன்ற உத்தரவைக் கேட்ட அன்று எனக்கு உண்டான நிம்மதியை இங்கே சொல்லியாக வேண்டும். வாடகைக்காரரின் தண்ணீரை நிறுத்தாதே என்று சட்டம் சொன்னதைப் போன்ற ஒரு சொல், இணைப்பைப் பற்றியும் இந்த ஊர் நீதிமன்றத்திலிருந்து வந்தது.

அடுத்தது நாம் அந்தக் கருவியின் வழியாக என்ன பேசுகிறோம் என்பது. இங்கே ஜாதவ்பூரை மறந்துவிட்டு மேலே போக என்னால் முடியாது.

அம்பிகேஷ் மகாபாத்ரா. அன்று ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். நியூ கரியாவில் தம் குடியிருப்புச் சங்கத்தின் பொறுப்பிலும் இருந்தார். 2012 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி விலக்கப்பட்டு முகுல் ராய் அந்த இடத்துக்கு வந்தார். அதை வைத்து, சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ படத்தின் காட்சியை நினைவூட்டும் ஒரு கேலிச்சித்திரம் இணையத்தில் சுற்றியது. அதைப் பேராசிரியர் வரையக்கூட இல்லை. வந்ததை மின்னஞ்சலில் சிலருக்கு அனுப்பினார், அவ்வளவுதான். நாம் ஒவ்வொருவரும் காலையில் பல் துலக்குவதற்கு முன் எத்தனை அனுப்புகிறோம்? ஏப்ரல் 12 இரவு ஒரு கும்பல் அவரைத் தாக்கியது. பிறகு காவல்துறை வந்து, தாக்கியவர்களை விட்டுவிட்டு, அவரையும் அவருடன் சங்கப் பொறுப்பில் இருந்த முதியவர் ஒருவரையும் கைது செய்தது. போட்ட பிரிவுகளில் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. மனத்தைப் புண்படுத்தும், தொல்லை தரும் செய்தி அனுப்பினாலே மூன்று ஆண்டுவரை சிறை என்ற பிரிவு அது.

மறுநாள் ஜாமீனில் வந்தார். அந்த ஆகஸ்டில் மாநில மனித உரிமை ஆணையம் இருவருக்கும் தலா 50,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அரசு கொடுக்கவில்லை. 2015 மார்ச்சில் உயர் நீதிமன்றமும் கொடு என்றது. அதே மாதம் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவையே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. பிரிவு செத்தது. வழக்கு சாகவில்லை. 2015, 16, 17 என்று ஆண்டுகள் போயின. அலிப்பூர் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது 2023 ஜனவரியில். ஒரு மின்னஞ்சலை அனுப்பியதற்குப் பதினோரு ஆண்டுக்குப் பக்கம். அந்தப் பதினோரு ஆண்டும் வகுப்பில் வேதியியல் நடத்திக்கொண்டே நீதிமன்றப் படியும் ஏறினார் அந்த மனிதர். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளவில்லை. 66ஏ இன்று இல்லாததால் நாம் கொஞ்சம் தைரியமாக அனுப்புகிறோம் என்றால், அந்தத் தைரியத்தின் விலையில் ஒரு பகுதியை அவர் கட்டியிருக்கிறார். அதே 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒரு வணிகரை இதே பிரிவில் கைது செய்தார்கள் என்பதும் நமக்கு நினைவிருக்க வேண்டும். ஆளும் கட்சி எந்த நிறம் என்பதல்ல விஷயம்.

இந்த இடத்தில் யாராவது கேட்பீர்கள்: பெரிய நிறுவனம் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம், நாம் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து கருத்துச் சொல்லி என்ன ஆகிவிடும்? ஆகியிருக்கிறது. 2015-இல் சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறோம், மற்றவற்றுக்குக் காசு என்ற திட்டத்தோடு ஃபேஸ்புக் வந்தது. ஏழைகளுக்கு இலவசம் என்று நாளிதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரம். எதை இலவசமாகப் பார்க்கலாம் என்று நீ யார் தீர்மானிக்க என்று கல்லூரிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் கேட்டார்கள். அந்த ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், தளத்துக்குத் தளம் வேறுவேறு விலை வைக்கக் கூடாது என்று விதி போட்டது. அன்று அந்த மின்னஞ்சல் அனுப்பியவர்களில் நானும் ஒருவன். நாலு வரி. அதை எழுத எனக்கு ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆனது.

2025 கடைசியிலும் ஒன்று நடந்தது. விற்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே போட்டுத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை நவம்பர் இறுதியில் உத்தரவிட்டது. திருட்டுக் கைப்பேசியைப் பிடிக்க உதவும் நல்ல செயலிதான். ஆனால் என் வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று நாடெங்கும் குரல் எழுந்தது. டிசம்பர் 3 அன்று கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். சில நாட்கள்தான்! கேட்டால் கிடைக்கிறது. கேட்பதற்கு முன் அது நம்முடையது என்று நமக்குத் தோன்ற வேண்டும். எனக்கிருக்கும் கவலை அதுதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்று, திறக்காதே, கேட்காதே, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்து என்று பழக்கிப் பழக்கி, பொருள் நம்முடையது என்ற எண்ணத்தையே நம் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மஞ்சள் காட்ரிட்ஜை மேல்மாடிப் பையனுக்குக் கொடுத்த கை அவர்களுக்கு இல்லை. கொடுக்க முடியாத பொருளைத் தன்னுடையது என்று ஒரு குழந்தை எப்படி உணரும்?

அதனால் இந்தக் கூட்டத்தின் செயலாளரிடம் பேசி ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, என் கைப்பேசியை எழுப்பிய அந்தச் சாந்தினி மிஸ்திரி தம் பெட்டியோடு இங்கே வருகிறார். பிள்ளைகள் அனைவரும் வர வேண்டும். அவர் திறந்து காட்டுவார், நீங்களும் திருப்புளியைப் பிடித்துக் கழற்றலாம். வீட்டில் மேசை இழுப்பறையில் செத்துக் கிடக்கும் கைப்பேசி, வால்வு போன ரேடியோ, ஓடாத விளையாட்டுப் பெட்டி எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வரச் சொன்னார். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், தனியாக ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொண்டு வரச் சொன்னார். கழற்றிய பழைய பாகங்களை ஒரு காகிதத்தில் மடித்து உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். அது அவர் வழக்கம். மாமிகளே, அன்று அவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் இரண்டு தம்ளர் நல்ல ஃபில்டர் காப்பி வேண்டும்.